செக்ரோலில் விழாத பேர்கள்

மரண ரயில் ஓடிய காஞ்சனபுரியின் அருங்காட்சியகங்களில் இரண்டு நாள்

காலை எட்டு மணிக்குள் வெயில் ஏறிவிட்டது. தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஒரு தோட்டக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கல்லறை மேலிருந்த வெண்கலப் பலகையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எழுத்துகளின் இடுக்கில் ஒட்டியிருந்த மண்ணை விரல் நகத்தால் எடுத்தார். அடுத்த கல்லுக்கு நகர்ந்தார். படைப்பிரிவு, எண், பெயர், இறந்த நாள், வயது, கீழே குடும்பத்தார் எழுதித் தந்த ஓரிரு வரி. நான் வயதுகளை மட்டும் படித்துக்கொண்டே நடந்தேன். 22, 24, 31, 23. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள். புல் ஒரே மட்டத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஒரு பூச்செடி.

நான் தேடி வந்த பேர் அங்கே இருக்காது என்று தெரியும். தெரிந்தும் கண் தேடியது.

என் தாத்தாவின் தம்பி அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து மலாயா போனவர். 1938-ல் இந்திய அரசு தோட்டக் கூலிகளின் பயணத்துக்குத் தடை போட்டதே, அதற்குக் கொஞ்சம் முன்னால் கப்பல் ஏறியிருக்கிறார். 1941 வரை கடிதம் வந்தது. சண்டை முடிந்த பிறகு ஊர் திரும்பிய ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “அவன் சயாமுக்கு ரயில் ரோடு போடப் போனான்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். சயாம் என்றால் இன்றைய தாய்லாந்து. இதற்கு மேல் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்பத்தா சாகும்வரை “சயாமுக்குப் போனவன்” என்றுதான் அவரைச் சொல்லும். செத்துப் போனவன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கல்லறைத் தோட்டத்தின் நுழைவுக் கட்டடத்தில் ஒரு பலகை இருக்கிறது. அதில் 11 பெயர்கள். பிரிக்கப்படாத இந்தியாவின் படைவீரர்கள், தாய்லாந்தின் இஸ்லாமிய அடக்கத்தலங்களில் புதைக்கப்பட்டவர்கள். அங்கே கல்லறைகளைப் பராமரிக்க முடியாததால் பெயர்களை இங்கே பொறித்திருக்கிறார்கள். நம் நிலப்பரப்பிலிருந்து வந்தவர்களுக்கு இந்தத் தோட்டத்தில் இருப்பது அவ்வளவுதான். அவர்களும் சீருடை போட்டவர்கள்.

பக்கத்துக் கட்டடம்

கல்லறைத் தோட்டத்தை ஒட்டியே நிற்கிறது தாய்லாந்து–பர்மா ரயில் பாதை மையம். 2003-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம். இதை நிறுவிய ராட் பீட்டி ஓர் ஆஸ்திரேலியர். காடு மூடிக் கிடந்த பழைய பாதையைப் பல ஆண்டுகள் வெட்டித் திறந்து, நடந்து, அளந்து வரைபடமாக்கியவர். அந்த உழைப்பு உள்ளே ஒவ்வொரு சுவரிலும் தெரிகிறது. படம் எடுக்க அனுமதி இல்லை. அது நல்லதாகப் போயிற்று. கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டால் கண்ணால் பார்த்துத்தானே ஆக வேண்டும்.

ஜப்பானியர் ஏன் இந்தப் பாதையைப் போட்டார்கள் என்பதில் தொடங்குகிறது காட்சி. பர்மாவில் நின்ற படைக்கு அரிசியும் குண்டும் போக வேண்டும். சிங்கப்பூரைச் சுற்றி மலாக்கா நீரிணை வழியாக ரங்கூனுக்குப் போகும் கப்பல்களை நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் குறிவைத்தன. 1942 ஜூனில் மிட்வே சண்டையில் ஜப்பான் கப்பற்படை அடி வாங்கிய பிறகு கடலை நம்ப முடியவில்லை. ஆகவே மலையையும் காட்டையும் அறுத்துக்கொண்டு, தாய்லாந்தின் பான் பொங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942-ன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17-ல் கொன்கொய்த்தா என்ற இடத்தில் இரு முனைகளும் சந்தித்துவிட்டன. எவ்வளவு வேகம் என்பதை எண்ணிப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. மலைச்சரிவும் ஆற்று வளைவும் தெரிய மொத்தப் பாதையையும் மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அதைக் குனிந்து பார்த்தபடியே நெடுநேரம் நின்றேன். மேலே போகப் போக முகாம்கள் ஆற்றை விட்டு விலகுகின்றன. படகு போகாத இடத்துக்கு அரிசி போகாது. அரிசி போகாத இடத்தில் சாவு அதிகம். இது புத்தகத்தில் படித்தபோது எனக்குப் புரியாதது. அந்த மாதிரிக்கு மேல் விரலை ஓட்டியபோது புரிந்தது.

அடுத்து ஒரு சரக்குப் பெட்டி. அரிசி மூட்டை ஏற்றும் இரும்புப் பெட்டியில் முப்பது ஆள். சிங்கப்பூரிலிருந்து பான் பொங் வர ஐந்து நாள். பகலில் இரும்பு கொதிக்கும், இரவில் குளிரும். படுக்க இடமில்லை. முறை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிறகு மருத்துவக் குடில். மூங்கில் தட்டி, அத்தாப்புக் கூரை, கிடக்கும் உருவங்கள். இங்கே வந்து நின்றவர்கள் யாரும் பேசவில்லை. முள் கிழித்த கீறல்கூட வெப்பக்காட்டில் ஆறாப் புண்ணாகி எலும்பைத் தொட்டுவிடும். மருந்து கிடையாது. கரண்டியால் அழுகிய சதையைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள், கடைசியில் காலையே வெட்டியிருக்கிறார்கள். அத்தனையும் நமக்குத் தெரிகிறது என்றால் காரணம், கைதிகளில் ஓவியர்கள் இருந்தார்கள். ஜாக் சால்க்கர், ரொனால்ட் சியர்ல் போன்றவர்கள் கிடைத்த காகிதத்தில் வரைந்து ஒளித்துவைத்தார்கள். காலராவில் கிடந்தவர்களின் படுக்கைக்கு அடியில் சியர்ல் தன் படங்களை மறைத்துவைத்திருக்கிறார். காவலர்கள் அங்கே நெருங்க மாட்டார்கள் அல்லவா. கைதிகளின் அதிகாரிகள் சாவுக் கணக்கை எழுதினார்கள். மருத்துவர்கள் குறிப்பு வைத்தார்கள். எந்த முகாமில் எந்த வரிசையில் யாரைப் புதைத்தோம் என்பது காகிதத்தில் இருந்தது.

அருங்காட்சியகம் என்பது காகிதத்தின் மேல் கட்டப்படுவது. காகிதம் வைத்திருந்தவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

நம்மவர்களை, இந்தப் பாதையில் வேலை செய்த தோட்டத் தொழிலாளர்களை, இந்த மையம் மறைக்கவில்லை. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். கைதிகள் 60,000-க்கும் மேல், அதில் இறந்தவர்கள் ஏறத்தாழ 13,000. ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப் போல் மூன்று மடங்கு, இறந்தவர்கள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்பது போர்க் கல்லறை ஆணையம் சொல்லும் கணக்கு. முதல் எண்ணோடு இரண்டாவதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று எண்ணியது. மற்றது உத்தேசம். இருபதாயிரம் பேர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்கிற அளவுக்கு உத்தேசம். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் இருப்பவர்களைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலானவர்கள் அந்த உத்தேசத்தின் இடைவெளிக்குள் விழுந்து கிடக்கிறார்கள்.

பெரட்டுக்களத்திலிருந்து பான் பொங்குக்கு

மலாயாத் தோட்டங்களில் விடியலுக்கு முன் பெரட்டு. தொழிலாளர்கள் வரிசையில் நிற்க, கிராணி என்ற தோட்டக் கணக்கர் விளக்கு வெளிச்சத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பிரித்துப் பேர் கூப்பிடுவார். குரல் கொடுத்தால்தான் அன்றைய கூலி. வறுமைதான், கொடுமைதான், ஆனால் காலையில் ஒரு தடவையாவது ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

ஜப்பான்காரன் வந்ததும் ரப்பர் வாங்க ஆளில்லை. வெள்ளைக்கார துரைமார்கள் ஓடிவிட்டார்கள், அல்லது சிறைக்குப் போனார்கள். பால் மரங்கள் வெட்டாமல் நின்றன. தொழிலாளர் லயங்களில் மரவள்ளிக் கிழங்குதான் சோறு. அந்த நேரத்தில்தான் 1943-ல் சயாம் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, நாளைக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம், குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். பசித்தவர்கள் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்ற செய்தி தோட்டங்களில் பரவியதும் தானாக யாரும் வரவில்லை. அப்புறம் பிடித்துக்கொண்டு போனார்கள். தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கேட்டார்கள். தெருவிலும் சினிமாக் கொட்டகை வாசலிலும் லாரியை நிறுத்தி ஏற்றினார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கும் மேற்பட்டோர் போயிருக்கலாம் என்கிறார்கள். பெரும்பகுதி தமிழர்கள்.

பான் பொங்கில் இறக்கி, அங்கிருந்து நடை. நூறு, இருநூறு கிலோமீட்டர், மழைக்குள். கைதிகளுக்கு அவர்களுடைய படை ஒழுங்கு இருந்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கக்கூஸைத் தள்ளி வெட்டு என்று சொல்ல அதிகாரிகளும் மருத்துவர்களும் இருந்தார்கள். தோட்டத்து ஆளுக்கு யார் இருந்தார்? 1943 மே, ஜூனில் காலரா இறங்கியபோது கூலி முகாம்கள் முகாம்களாகவே அழிந்தன. பெண்களும் குழந்தைகளும் அங்கே இருந்தார்கள். ஜூனிலும் ஆகஸ்ட்டிலும் கைதி மருத்துவர்களிலிருந்து இரண்டு குழுக்களைப் பிரித்து இந்த முகாம்களுக்கு அனுப்பினார்கள். சில நூறு பேர், அதுவும் மருந்தில்லாமல், லட்சக்கணக்கானோருக்கு. உயிரோடு இருப்பவர்களையே தீக்குழிக்கு இழுத்துப்போன கதைகளை மலேசியத் தமிழர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலையும் அ. ரெங்கசாமி ‘நினைவுச்சின்னம்’ என்ற நாவலையும் எழுதிவைத்திருக்காவிட்டால் இதில் பாதிகூட நமக்கு வந்து சேர்ந்திருக்காது. தமிழ்நாட்டில் எத்தனை பேர் இவற்றைப் படித்திருக்கிறோம்?

சண்டை முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1945 செப்டம்பர் இறுதியில் 13 பேர் கொண்ட ஒரு குழு இதே பாதையில் ரயிலில் புறப்பட்டது. கைதிகளின் கல்லறைகளைத் தேடுவதுதான் வேலை. மூன்று வாரத்துக்குள் 144 அடக்கத்தலங்களைக் கண்டுபிடித்தார்கள். தேடிய 10,549 கல்லறைகளில் 52 மட்டுமே கிடைக்கவில்லை. அந்தக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போனவர் நாகாசே தகாஷி, ஜப்பானிய ராணுவப் போலீஸில் இருந்தவர். பார்த்ததைத் தாங்க முடியாமல் வாழ்நாள் முழுக்க இங்கே திரும்பத் திரும்ப வந்து மன்னிப்புக் கேட்டார்.

52 மட்டுமே கிடைக்கவில்லை. இந்த எண்ணைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது வியப்பு. அவர்கள் தங்கள் ஆட்களை எப்படித் தேடியிருக்கிறார்கள்! அப்புறம்தான் நெஞ்சு அடைத்தது. அதே தண்டவாளம், அதே காடு, அதே மூன்று வாரம். அந்தக் குழிகளுக்குப் பக்கத்திலேயே நம்மவர்களின் குழிகள். அவற்றைக் குறித்துக்கொள்ளும்படி யாரும் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை.

ஐந்து எழுத்தில் யார் யார்

ஆற்றங்கரையில் வாட் சைசும்போன் என்ற புத்த மடத்துக்குள் இன்னோர் அருங்காட்சியகம், 1977-ல் மடத்தின் தலைமைத் துறவி தொடங்கியது. பெயர் ஜீத். மரணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை மாற்றி, ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும், தாய்லாந்து, ஹாலந்து என்ற நாடுகளின் முதல் எழுத்துகளைக் கோத்து வைத்த பெயர். கைதிகள் கிடந்த மூங்கில் கொட்டகையை அப்படியே கட்டி, இருபக்கமும் பரண் போட்டு, மேலே மங்கிப்போன படங்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். துறவி நல்ல மனதோடு செய்த காரியம் இது; வெறுப்பை வளர்ப்பதற்கு அல்ல என்று சொல்லித்தான் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயருக்குள் மலாயாவுக்கு எழுத்து இல்லை. பர்மாவுக்கும் ஜாவாவுக்கும் இல்லை. அதிகம் செத்தவர்களின் ஊர் எதுவுமே அதில் இல்லை.

இந்தப் பாதையின் ஆற்றுப் பாலத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. எல்லோரும் பார்ப்பது, எல்லோரும் படம் எடுப்பது. 1957-ல் வந்த சினிமாவால் உலகம் அறிந்தது; அந்தப் படத்தை எடுத்ததோ இலங்கையின் கித்துல்கலவில். கதை ஒரு பிரிட்டிஷ் அதிகாரியையும் ஒரு ஜப்பானிய அதிகாரியையும் சுற்றியே ஓடும். பாலத்தின் மேல் நடக்கும்போது வளைந்த இரும்புச் சட்டங்கள் அன்றைக்கு ஜாவாவிலிருந்து கொண்டுவந்தவை, நேர்ச் சட்டங்கள் குண்டுவீச்சுக்குப் பின் மாட்டியவை என்று தெரிந்துகொண்டால் போதும்.

பாறைக்குள் நிற்கும் உளி

மறுநாள் ஹெல்ஃபயர் கணவாய். காஞ்சனபுரியிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆஸ்திரேலிய அரசு 1998-ல் கட்டிய நினைவு அருங்காட்சியகம் மேலே இருக்கிறது. அங்கிருந்து மூங்கில் காட்டுக்குள் படிக்கட்டில் இறங்க வேண்டும். தண்டவாளம் பெரும்பாலும் இப்போது இல்லை. சல்லி மட்டும் காலடியில் நொறுங்குகிறது.

பாறை இரண்டு பக்கமும் சுவராக எழுகிறது. 75 மீட்டர் நீளம், 25 மீட்டர் ஆழம் என்று எழுதியிருக்கிறார்கள். 1943 ஏப்ரல் 25-ல் தொடங்கிச் சில மாதத்தில் முடித்தது. பெரும்பாலும் கைவேலைதான். ஒருவர் உளியைப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியை ஓங்குவார். ஒவ்வோர் அடிக்கும் பிடித்தவர் உளியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு சோடி ஒரு மீட்டர் துளை போட வேண்டும். பிறகு அந்த அளவை இரண்டாக்கினார்கள், மூன்றாக்கினார்கள். துளையில் வெடி வைத்து, தெறித்த கல்லைக் கூடையில் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். ராத்திரியும் வேலை. மூங்கில் தீயும் விளக்கும் எரிய, எலும்புக்கூடுகளின் நிழல் பாறையில் ஆடுவதைப் பார்த்தவர்கள்தான் இதற்கு நரக நெருப்பின் பெயரை வைத்தார்கள். ஆஸ்திரேலியர்கள், பிரிட்டிஷ்காரர்கள், இவர்களோடு தமிழ், மலாய்த் தொழிலாளர்களும் இங்கே உழைத்தார்கள்.

சுவரில் ஓரிடத்தில் ஓர் உடைந்த உளி அப்படியே சிக்கி நிற்கிறது. துளைக்குள் போய் முறிந்தது, எடுக்க முடியவில்லை, விட்டுவிட்டார்கள். துருப்பிடித்துப் பாறையின் நிறத்துக்கே வந்துவிட்டது. அதன் தலை சம்மட்டி அடியில் பூப்போல விரிந்திருந்தது. நான் விரல் வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. இந்த உளியைக் கடைசியாகப் பிடித்த கை எந்த நாட்டுக் கை என்று எந்தப் பலகையும் சொல்ல முடியாது. இரண்டு நாளில் நான் பார்த்த பொருள்களில் எங்கள் சின்னத் தாத்தாவின் கை பட்டிருக்கக்கூடும் என்று நினைத்துத் தொட்டது இது ஒன்றைத்தான்.

1943 அக்டோபரில் திறப்பு விழாவுக்கு ஓடிய ரயில் எஞ்சின் இன்று டோக்கியோவில், யாசுகுனி ஆலயத்தை ஒட்டிய போர் அருங்காட்சியகத்தின் கூடத்தில் நிற்கிறது. எஞ்சினுக்கு எண் உண்டு. சி 56 31. எத்தனையோ ஆண்டு கழித்தும் அந்த எண்ணை வைத்து அதைத் தேடிக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்திருக்கிறது.

கல்லில் தமிழ்

பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, மரநிழலில் ஜப்பானிய ராணுவமே 1944-ல் எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று இருக்கிறது. தாங்கள் வேலை வாங்கிக் கொன்றவர்களின் ஆன்மா சாந்தியடைவதற்காக. சுற்றுச்சுவர் மூலைகளில் பல மொழிகளில் பலகைகள். அவற்றில் ஒன்று தமிழ். அதன் முன்னால் நின்றபோது உடம்பு நடுங்கிவிட்டது. இத்தனை தூரம் வந்து நான் கண்ட அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து, சாகடித்தவர்கள் வெட்டிவைத்ததுதான். செத்தவர்களில் தமிழர்கள் இருந்தார்கள் என்பதைப் போர் முடியும் முன்பே, இங்கே கல்லில் ஒப்புக்கொண்டவர்கள் அவர்கள்தாம்.

நாம் என்ன செய்தோம்? ரொம்ப காலம் ஒன்றும் செய்யவில்லை. மலேசியாவில் சில தன்னார்வலர்கள் தோட்டம் தோட்டமாக அலைந்து உயிர்தப்பியவர்களைத் தேடிப் பதிவு செய்தார்கள். ஆவணப்படம் எடுத்தார்கள். அந்த உழைப்புக்குக் கைகூப்ப வேண்டும். ஆனால் பேர்களைத் திரட்டும் வேலை நமக்கும் உரியது. புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆற்காட்டுக் கிராமங்களில் “சயாமுக்குப் போனவன்” என்று ஒருவரைச் சொல்லும் குடும்பங்கள் எத்தனை இருக்கும்? அந்தப் பேரைக் கடைசியாகக் காதால் கேட்டவர்களுக்கு இன்று எண்பது வயதுக்கு மேல். பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, ஆவணக் காப்பகம் இருக்கிறது, நாட்டுப்புறவியல் துறைகள் இருக்கின்றன. ஒரு நோட்டும் ஒரு பேனாவும் எடுத்துக்கொண்டு ஊருக்குள் இறங்க இன்னும் பத்து வருடம் காத்திருந்தால் கேட்க ஆள் இருக்க மாட்டார்கள். 1990-ல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தில் தோண்டியபோது 700-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் வெளியே வந்தன. எலும்பு காத்திருக்கும். பேர் காத்திருக்காது.

வாட் தாவோன் வராராம் கோயில் வளாகத்துக்குச் சாயங்காலம் போனேன். பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை வைத்துக் கட்டிய தூபி அங்கே இருக்கிறது. அண்மையில் தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். அதன் முன்னால் மலேசியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம். வயதான அம்மா ஒருவர் கைப்பையிலிருந்து வெற்றிலை, பாக்கு, சுருட்டு எடுத்து வைத்தார். ஃபிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றி வைத்தார்.

“எங்கப்பாவுக்கு மூத்தவரு. படம் பார்க்கப் போனவரு தம்பி. கொட்டகை வாசல்லயே லாரி நின்னுச்சாம்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க ஊருலேர்ந்தா வர்றீங்க?” என்று கேட்டார். தலையாட்டினேன்.

“உங்க ஆளு பேரு என்ன?”

சொன்னேன்.

“எந்தத் தோட்டம்?”

“தெரியலைம்மா. ஊர் அறந்தாங்கிப் பக்கம்.”

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். தன் பெரியப்பாவின் பேரையும் தோட்டத்தின் பேரையும் சேர்த்து, கிராணி கூப்பிடுவதுபோலவே உரக்கச் சொன்னார். அடுத்து எங்கள் சின்னத் தாத்தாவின் பேரைச் சொன்னார். தோட்டத்தின் பேர் வர வேண்டிய இடத்தில் ஒரு நொடி நின்றார். பிறகு, “அறந்தாங்கி” என்றார். இன்னொரு குவளை எடுத்து, ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த கோப்பியை அதில் ஊற்றி முதல் குவளைக்குப் பக்கத்தில் வைத்தார்.